வெளியேறும் எறும்பும் அப்பாவின் பேணியும்

கண்டி
12.01.2025

திரு. தியாகலிங்கம் வசீகரன் அவர்களுக்கு,

மனோகரி அண்ணி சென்ற கிழமை என்னுடன் தொலைபேசியில் பேசினார். சித்திரையில் அப்பாவின் மூன்றாம் ஆண்டுத் திவசம் வருகிறது, நாரந்தனைக்கு வருவேனா என்று கேட்டார். கேட்டது அவர் என்றாலும் கேட்கச் சொன்னது யார் என்று எனக்குத் தெரியும். உங்கள் இலக்கத்தை நான் கைபேசியில் மறித்து வைத்து மூன்று வருடங்களாகிறது. அதைத் திறக்கிற எண்ணம் இல்லாதபடியால்தான் இந்தக் கடிதம். தங்கச்சி ஒரு பதில்கூடச் சொல்லவில்லை என்று நாளைக்கு நீங்கள் சொல்லக்கூடாது.

நான் வரவில்லை.

காரணம் உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒருதரம் எழுதிவிடுகிறேன். அப்பாவுக்கு நெஞ்சில் கசநோய் என்று கண்டுபிடித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, அவரை நெடுந்தீவுக்கு அனுப்பிவிட்டீர்கள். பாலசிங்கம் மாமா கனடாவுக்குப் போனபிறகு வருடக்கணக்காகப் பூட்டிக் கிடந்த வீடு. எழுபத்திரண்டு வயது மனிதர் அங்கே தனியாகச் சமைத்து, தனியாக இருமி, ஆறு மாதத்தில் செத்துப்போனார். டீசல் இல்லாமல் பஸ் ஓடாத அந்தச் சித்திரையில் என்னால் கடைசி நேரத்துக்கு வந்துசேர முடியவில்லை. செத்தவீட்டுக்கு வந்தபோது, நம் வீட்டுப் பின்விறாந்தைக் கம்பியில் அவர் தண்ணீர் குடிக்கிற, காது வைத்த சில்வர் பேணி கொழுவியிருந்ததைக் கண்டேன். அடியில் ஆணியால் ‘தி’ என்று கீறியிருந்தது. மற்றப் பேணிகள் எல்லாம் குசினிக்குள் இருந்தன. அது மட்டும் வெளியே, மழையிலும் வெயிலிலும்.

நான் எறும்புகளை ஆராய்ந்து சம்பளம் வாங்குகிறவள். ஒரு எறும்பின் உடம்பில் நோய்ப் பூஞ்சணத்தின் வித்துகள் ஒட்டிக்கொண்டால் மற்றவை அதை விட்டு ஓடுவதில்லை. சுற்றி நின்று நக்கித் துடைக்கின்றன. அந்த வித்தில் கொஞ்சம் அவற்றின் உடம்புக்குள்ளும் போகிறது, ஆனால் பெரும்பாலும் சாகிற அளவுக்கு அல்ல. பிறகு அதே நோய் வந்தால் தாங்கும் பலம் அதனாலேயே அவற்றுக்கு உண்டாகிறது. ஒருவரின் நோயைக் கூடே பங்குபோட்டு எடுத்துக்கொள்கிறது என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறேன். சொல்லும்போதெல்லாம் அந்தப் பேணிதான் நினைவுக்கு வருகிறது.

திவசத்தை நல்லபடியாகச் செய்யுங்கள்.

தி. நிசாந்தினி


நாரந்தனை
25.01.2025

தங்கச்சிக்கு,

‘திரு’ போட்டு வந்த கடிதத்தைக் கண்டதும், பஸ் டிப்போவில் இருந்துதான் என்னிடம் விளக்கம் கேட்டு எழுதிவிட்டார்கள் என்று பயந்துபோனேன். பிரித்துப் படித்த பிறகு, டிப்போக் கடிதமாகவே இருந்திருக்கலாம் என்று பட்டது. உன்னைச் சைக்கிள் பாரில் இருத்தி ஊர்காவற்றுறைக்கு ரியூசனுக்குக் கொண்டுபோனவனுக்கு இந்த மரியாதை கொஞ்சம் கூடத்தான்.

மூன்று வருடமாக நான் வாயைத் திறக்கவில்லை. இப்போதும் கனக்க எழுதமாட்டேன். அப்பாவை நான் அனுப்பவில்லை. அவராகத்தான் போனார். பேணியை வெளியே கொழுவியதும் அவர்தான். ஆஸ்பத்திரியால் வந்த அன்றே ஆணியைத் தேடி எடுத்து ‘தி’ என்று கீறினார். மனோகரி, “மாமா, இதென்ன வேலை? உள்ளுக்கு வையுங்கோ” என்று எத்தனை தரம் எடுத்துக் குசினிக்குள் வைத்திருப்பாள். அவள் அங்கால் திரும்பியதும் அவர் எடுத்துத் திரும்பவும் கம்பியில் கொழுவிவிடுவார். அபிசனா அப்போது தவழுகிற பிள்ளை. அப்பப்பாவின் இருமல் கேட்டால் அந்தப் பக்கம்தான் தவழ்வாள். அவர் எழும்பி முற்றத்துக்குப் போவார். இவள் முற்றத்துக்கும் வருவாள். அவர் கிணற்றடிக்குப் போவார். ஒரு மாதம் இப்படிப் போனது. ஒருநாள் காலையில், “பாலசிங்கத்தின்ரை வீட்டுத் திறப்பை எடு” என்றார்.

எறும்பைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தது பஸ் ஓட்டம்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன். உன் எறும்புகளுக்குள், நோய் வருத்தம் வந்தால் தானாகவே எழும்பிப் போகிறது ஒன்றுகூட இல்லையா? இருந்தால் மறைக்காமல் எழுது. என்மேல் உள்ள கோபத்துக்காகப் பொய் எழுதுகிற பிள்ளை இல்லை நீ.

மாரி போயும் எனக்கு இருமல் போகவில்லை. பனிக்குளிர்தான் என்கிறாள் மனோகரி.

அண்ணை
வசீகரன்


கண்டி
09.02.2025

அண்ணைக்கு,

இருக்கிறது. மறைக்கவில்லை.

குளிர் நாடுகளில் ஒரு சிற்றெறும்பு உண்டு. விழுந்து கிடக்கும் ஒரு கொட்டைக்குள் குடும்பம் முழுவதும் குடியிருக்கும், அவ்வளவு சிறியது. அதில் சிலவற்றுக்குப் பூஞ்சண நோயைக் கொடுத்துப் பார்த்தார்கள். சாவதற்குச் சில மணித்தியாலங்களுக்கு முன்பு, சிலது ஒன்றிரண்டு நாட்களுக்கு முன்பு, அவை கூட்டை விட்டு வெளியேறின. மற்ற எறும்புகள் துரத்தினவா என்று கவனமாகப் பார்த்தார்கள். ஒன்றும் கடிக்கவில்லை, இழுக்கவில்லை. அவையாகத்தான் போயின. பூஞ்சணம்தான் அவற்றை ஆட்டி வைக்கிறதோ என்ற சந்தேகத்தில், நோயில்லாமல் வேறு வழியில் ஆயுளைக் குறைத்தும் பார்த்தார்கள். அவையும் போயின. போன பிறகு எவரோடும் சேராமல் ஒதுங்கிச் செத்தன.

ஆகவே, அப்பா தானாகப் போனார் என்று நீங்கள் எழுதியதை நம்புகிறேன். பேணி விசயத்தையும் நம்புகிறேன். அண்ணியைப் பற்றி நான் மனதில் நினைத்திருந்தவற்றுக்காக வெட்கப்படுகிறேன். அவரிடம் நானே சொல்வேன்.

ஆனால் தானாகப் போவதும் போகவிடுவதும் ஒன்றல்ல. வெளியேறுகிற எறும்பை வாசலில் மறித்து, “எங்கை போறியள், இருங்கோ” என்று சொல்ல அதற்கு ஒரு பிள்ளை இல்லை. அப்பாவுக்கு நீங்கள் இருந்தீர்கள். அன்று அவருடைய பையைப் படகுவரை யார் தூக்கிக்கொண்டு போனது? அதை எழுதுங்கள்.

இருமல் மூன்று கிழமைக்கு மேல் என்றால் சளியைச் சோதிக்க வேண்டும். பனி, குளிர் என்று சாட்டுச் சொல்லாமல் உடனே போங்கள். அப்பா இருமிய வீட்டில் இருந்தவர் நீங்கள். அந்தக் கிருமி வருடக்கணக்காகச் சத்தமில்லாமல் நெஞ்சில் கிடந்துவிட்டு எழும்பக்கூடியது. இதைப் பாசத்தில் எழுதுகிறேன் என்று நினைக்கவேண்டாம். தெரிந்தவள் சொல்லாமல் விடக்கூடாது, அவ்வளவுதான்.

நிசாந்தினி


நெடுந்தீவு
08.03.2025

தங்கச்சிக்கு,

மேலே ஊரின் பெயரைப் பார்த்ததுமே உனக்கு விளங்கியிருக்கும். சளியைச் சோதித்தார்கள். அப்பாவின் வருத்தம்தான். டிப்போவில் லீவு போட்டுவிட்டுப் பாலசிங்கம் மாமா வீட்டுக்கு வந்து இன்றைக்குப் பதின்மூன்று நாள். கைபேசியை மனோகரியிடம் விட்டுவிட்டு வந்தேன், அபிசனாவின் நேர்சரிச் செய்திகள் எல்லாம் அதில்தான் வரும். மனோகரி அழுதாள், பிறகு ஏசினாள். என் பையை நானே தூக்கிக்கொண்டு குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறினேன்.

அப்பாவின் பையைத் தூக்கியதும் நான்தான். அதைத்தானே கேட்டாய்? நாரந்தனையில் இருந்து படகுவரை தூக்கிக்கொண்டு போனேன். வீட்டு வாசற் படலையடியில் அவர் ஒருதரம் நின்று திரும்பிப் பார்த்தார். “நில்லுங்கோ அப்பா” என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் நின்றிருப்பார். எனக்குத் தெரியும், அந்தச் சொல்லுக்காகத்தான் நின்றார். அபிசனா உள்ளே சிரிக்கிற சத்தம் கேட்டது. நான் பையை மற்றத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, “படகுக்கு நேரமாகுது” என்றேன். மூன்று வருடமாக வாயைத் திறக்காததற்கு இதுதான் காரணம். நீ பேணிக்காகக் கோபித்தாய். அது பிழையான கோபம் என்று தெரிந்தும் அதை நான் வாங்கிக்கொண்டேன், சரியான கோபத்துக்குப் பயந்து.

உன் எறும்புக் கதையை இங்கே பலதரம் படித்தேன். எனக்கு ஆறுதலாக இருந்தது. வருத்தக்காரன் ஒதுங்குவதுதான் முறை என்று கடவுளே எறும்புக்கும் எழுதி வைத்திருக்கிறார். நீ அறிந்தவள். நான் செய்தது சரி என்று ஒருவரி எழுதிவிட்டால் நிம்மதியாக இருப்பேன்.

பொழுது போக நானும் விஞ்ஞானியாகிவிட்டேன். கல்வேலியடியில் கட்டெறும்புகள். ஒன்று செத்ததைத் தூக்கிக்கொண்டுபோய் மூலையில் ஒரு குவியலில் போட்டது. நான் அதை ஈர்க்கால் எடுத்துத் திரும்பவும் புற்று வாசலில் வைத்தேன். குடிவெறியில் ஏறுகிற ஆளைக் கண்டக்டர் இறக்கிவிடுகிற மாதிரி, ஒரு ரோசமும் இல்லாமல் திரும்பவும் கொண்டுபோய்ப் போட்டது. நாலாம் தரம் என்னைக் கடித்தது.

இன்னொன்றும் எழுதவேண்டும். அலுமாரியின் மேல்தட்டில் அப்பாவின் மருந்துக் குளிசைகள் இருக்கின்றன. பாதிக்கு மேல் அப்படியே. அவர் வேண்டுமென்றுதான் நிறுத்தியிருக்கிறார். ஒதுங்கினதுபோல முடிக்கவும் நினைத்திருக்கிறார். எனக்கும் இந்தக் குளிசை ஒத்துவரவில்லை. சாப்பிட்டதெல்லாம் சத்தியாக வருகிறது, சிறுநீர் செந்தேத்தண்ணி போலச் சிவப்பாகப் போகிறது. தினமும் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போய்த் தாதியின் முன்னால் விழுங்கவேண்டும் என்று சட்டம். நாலு நாளாக நான் போகவில்லை. ஆள் அனுப்பினார்கள். சுகமாய் இருக்கிறேன் என்று படலையில் நின்றே அனுப்பிவிட்டேன்.

இப்போதைக்கு இதை மனோகரிக்குச் சொல்லாதே.

அண்ணை


கண்டி
14.03.2025

அன்புள்ள அண்ணைக்கு,

சொல்லிவிட்டேன். உங்கள் கடிதத்தைப் படித்து முடித்த கையோடு மறித்து வைத்திருந்த உங்கள் இலக்கத்தைத் திறந்து எடுத்தேன். அண்ணிதான் பேசினார். “நான் சொன்னால் அவர் கேக்கமாட்டார், நீரெண்டாலும் எழுதும்” என்றார். இருவரும் அழுதோம்.

சரி என்று ஒருவரி கேட்டீர்கள். எழுதமாட்டேன். நீங்கள் செய்வது பிழை. எறும்பு வெளியேறுகிறது, ஏனென்றால் அதற்குச் சாவதைத் தவிர வேறு வழியில்லை. அதனிடம் குளிசை இல்லை. உங்களிடம் இருக்கிறது. இங்கே ஒரு நெஞ்சுநோய் வைத்தியரிடம் போய்க் கேட்டேன். ஒழுங்காக விழுங்கினால் பெரும்பாலானவர்களுக்குச் சில கிழமைகளிலேயே மற்றவருக்குத் தொற்றாத நிலை வந்துவிடும், அதைக் கிளினிக்கில் சோதித்துச் சொல்வார்கள் என்றார். ஆறு மாதமும் விடாமல் விழுங்கினால் வருத்தமே மாறிவிடும். இடையில் விட்டுவிட்டால் கிருமிக்கு மருந்து பழகிப்போய்விடும். அப்போதுதான் நீங்கள் உண்மையில் ஊருக்கு ஆபத்தானவர். அபிசனாவைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நாலு நாளாக நீங்கள் அதற்கு எதிரானதைச் செய்துகொண்டிருக்கிறீர்கள்.

இதையும் கேளுங்கள். இந்தக் கிருமி பேணியால் தொற்றுவதில்லை. மூச்சால் தொற்றுவது. அப்பாவின் பேணி வெளியே தொங்கியது, அவர் படுத்த அறையின் யன்னலை நாங்கள் திறக்கவில்லை. மாரி என்று எல்லாவற்றையும் சாத்திவிட்டு, அதே அறையில் எல்லாரும் இருந்து ரீவி பார்த்தோம். வருத்தம் கண்டுபிடிக்க முன்பு லீவில் வந்த நானும் இருந்தேன். எறும்பின் நோயை உருப்பெருக்கியில் பார்க்கிறவளுக்கு அந்த யன்னல் கண்ணில் படவில்லை.

வகுப்பில் நான் சொல்லிவந்த வேறொரு கதையும் உண்டு. தேனீயிடம் நோயை எதிர்க்கும் மரபணுக்கள் ஈயிடமோ நுளம்பிடமோ இருப்பதில் மூன்றில் ஒரு பங்குதான் என்று கண்டுபிடித்தார்கள். கூட்டமாக வாழ்ந்து, ஒன்றையொன்று துடைத்து, நோய்ப்பட்ட குஞ்சை அகற்றி வாழ்வதால், தனக்கென்று ஒரு பலம் தேவையில்லாமல் குறைந்துபோனது என்று நினைத்தோம். அழகான முடிவு, நானும் ஆசையோடு சொல்லிக் கொடுத்தேன். பிறகு தனித்து வாழ்கிற தேனீக்களைப் பார்த்தார்கள். அவற்றிலும் அதே குறைவு. கூடி வாழத் தொடங்க முன்பே அவை அப்படித்தான் இருந்திருக்கின்றன. நாங்கள் இரண்டு விசயத்தைப் பக்கத்தில் பக்கத்தில் கண்டவுடன் ஒன்றுக்கு மற்றதைக் காரணமாக்கிவிட்டோம். கம்பியில் ஒரு பேணியைக் கண்டு நான் உங்களுக்குச் செய்ததும் அதுதான்.

நீங்களும் இப்போது அதைத்தான் செய்கிறீர்கள். அலுமாரியில் குளிசையைக் கண்டு, அப்பா சாக நினைத்தார் என்கிறீர்கள். இல்லை அண்ணை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. அந்தத் தையில் அப்பா எனக்குத் தொலைபேசி எடுத்தார். “இப்ப நல்ல சுகம் பிள்ளை. இருமல் நிண்டிட்டுது. இந்தக் குளிசைதான் வயித்தை எரிக்குது, விட்டிட்டன். இனி வீட்டை போகலாம்தானே?” என்றார். நான் கண்ணாடித் தட்டில் எறும்பு எண்ணிக்கொண்டிருந்தேன். “ஓம் அப்பா, ஓம்” என்றேன். குளிசையை விட்டதாக அவர் சொன்னது இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. போனை வைக்க முன்பு, “அபிசனா இப்ப என்ன கதைக்கிறாள்?” என்று கேட்டார். அதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. அண்ணை, அவர் சாகப் போகவில்லை. சுகமாகித் திரும்பி வரத்தான் போனார். சுகமாகிவிட்டது என்று நினைத்துத்தான் நிறுத்தினார்.

சித்திரையில் அவர் கடைசியாக யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது டீசல் இல்லாமல் பஸ் ஓடவில்லை என்று எல்லாருக்கும் சொன்னேன். முதல் கடிதத்திலும் எழுதினேன். பஸ் ஓடியது. அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து நான்தான் ஏறவில்லை. நீங்கள் பஸ் ஓட்டுகிறவர், அந்தக் கிழமை எந்தப் பஸ் ஓடியது என்று உங்களுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. மூன்று வருடத்தில் ஒருதரம்கூட அதைக் கேட்கவில்லையே.

இந்தக் கடிதத்தை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சத்தி வருவதற்கும் அங்கே வழி சொல்வார்கள். எனக்கு இருக்கிறது ஒரு அண்ணை. நீங்கள் ஒதுங்கிச் சாவதை நான் பார்த்துக்கொண்டிருக்கமாட்டேன்.

நிசா


நாரந்தனை
07.04.2025

நிசாவுக்கு,

முகவரியைப் பார். வந்துவிட்டேன்.

உன் கடிதம் வந்த அன்று காலையே ஆஸ்பத்திரிக்குப் போனேன். தாதி நல்ல ஏச்சு. “டிக்கற் எடுக்காமல் ஏறுற ஆளை உங்கடை பஸ்ஸிலை விடுவியளோ, டிரைவர்?” என்றார். அவர் முன்னால் அன்றிலிருந்து ஒருநாள் தவறாமல் விழுங்கினேன். சாப்பாட்டோடு எடுக்கிற விதத்தை மாற்றித் தந்தார்கள், சத்தி நின்றுவிட்டது. போன கிழமை சளியைச் சோதித்துவிட்டு, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள். அபிசனாவையும் மனோகரியையும் சோதித்தார்கள். வருத்தம் இல்லை. பிள்ளைக்குத் தடுப்பாகக் குளிசை தருகிறார்கள்.

முன்னறை யன்னல் பெயின்ற் பிடித்து இறுகிப்போயிருந்தது. அலவாங்கால் நெம்பித் திறந்தேன். பதினைந்து வருடத் தூசி. இப்போது அறைக்குள் காற்றோடு பக்கத்து வளவுக் கோழியும் வருகிறது.

அப்பாவின் பேணியை நெடுந்தீவில் இருந்து கொண்டுவந்தேன். செத்தவீடு முடிந்ததும் அதை அங்கே கொண்டுபோய் வைத்தது நான்தான், கண்ணில் படாமல் இருக்கட்டும் என்று. வந்த அன்று பழக்கதோசத்தில் கம்பியில் கொழுவப்போனேன். மனோகரி அதை என் கையில் இருந்து வாங்கிக் கழுவிக் குசினிக்குள் மற்றவற்றோடு அடுக்கிவிட்டாள். காலையில் அபிசனா அதில்தான் தண்ணீர் கொண்டுவந்து தருகிறாள். நான் விழுங்கி முடிக்கும்வரை வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், பிறகு நாக்கைக் காட்டச் சொல்கிறாள்.

பஸ் விசயம் எழுதியிருந்தாய். எனக்குத் தெரியும். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த அந்த மூன்று நாளும் கண்டி பஸ் வருகிற நேரம் பார்த்து யாழ்ப்பாணம் ஸ்ராண்டில் நின்றேன். இறங்குகிற முகமெல்லாம் பார்த்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போவேன். அப்பா, “பிள்ளை வந்திட்டாளோ?” என்று கேட்பார். “பஸ் ஓடேல்லை அப்பா, டீசல் இல்லையாம்” என்று சொன்னதே நான்தான். அவர் அதை நம்பித்தான் போனார். செத்தவீட்டில் நீயும் அதையே சொன்னாய். எங்கள் இரண்டு பேரின் பொய்யும் ஒன்றாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

திவசம் இருபத்திரண்டாம் திகதி. நான் கேட்கவில்லை, சொல்கிறேன்.

அண்ணை


கண்டி
12.04.2025

அண்ணா,

உங்கள் கடிதத்தை ஆய்வுகூடத்தில் வைத்துப் பிரித்தேன், பிரித்திருக்கக்கூடாது. அன்று முழுவதும் ஒரு எறும்பையும் எண்ண முடியவில்லை.

இருபத்தோராம் திகதி விடிய முதல் பஸ்ஸில் ஏறுகிறேன். நாக்கைக் காட்டச் சொல்கிற அந்த வைத்தியர் அம்மாவுக்கு என்ன கொண்டுவரவேண்டும் என்று கேட்டு வையுங்கள். அப்பா கேட்ட கேள்விக்கு, அவள் என்னவெல்லாம் கதைக்கிறாள் என்று, திவசத்தன்று படத்துக்கு முன்னால் இருந்து நான் பதில் சொல்லவேண்டும்.

ஏலுமென்றால் ஸ்ராண்டுக்கு வந்து நில்லுங்கள். பின்னேரம் மூன்று மணிபோல் பஸ் வரும். இறங்குகிற முகங்களைப் பாருங்கள். இந்தமுறை நான் இறங்குவேன்.

நிசா